பேசாமல் இருப்பவரைப் பேசவைக்க வேண்டுமா?

கேள்வி: டாக்டர், என் கணவருக்கு 41 வயது. தொழிற்சாலை ஒன்றில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். 12 நாட்களுக்கு முன் அங்கே தீப்பிடித்ததில் அவருடன் வேலை பார்த்த இருவர் இறந்துவிட்டார்கள். இவருக்குக் கையில் லேசான தீக்காயம். புகையைச் சுவாசித்திருந்ததால் ஒரு இரவு மருத்துவமனையில் வைத்திருந்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததிலிருந்து அதிகம் பேசுவதில்லை, சரியாகத் தூங்குவதில்லை. யாராவது கதவை அடித்துச் சாத்தினால் எழுந்து நின்றுவிடுகிறார். இறந்தவர்களில் ஒருவர், அன்று இவர் நிற்கவேண்டிய இடத்தில் நின்றவர். "அவன் என் இடத்துல நின்னான்" என்று ஒரே ஒரு முறை சொன்னார், அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. இவருடைய அண்ணன் தினமும் வந்து உட்கார்ந்து, "மனசுக்குள்ளேயே வச்சிருந்தா சீழ் பிடிச்சிடும், எல்லாத்தையும் கொட்டிடு" என்கிறார். அடுத்த வாரம் கம்பெனியில் கவுன்சலிங் கூட்டமாம். ஒவ்வொருவரும் தான் பார்த்ததை எல்லோர் முன்னாலும் சொல்லவேண்டும், கட்டாயம் வரவேண்டும் என்கிறார்கள். இவர் வரமாட்டேன் என்கிறார். நான் வற்புறுத்திப் பேசவைக்கலாமா? என் அம்மாவுக்கு எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரை வீட்டில் இருக்கிறது, அதில் பாதி கொடுக்கலாமா? எங்கள் 7 வயது மகள் பொம்மைகளை வைத்துத் தீப்பிடிக்கிற விளையாட்டையே திரும்பத் திரும்ப விளையாடுகிறாள். அதையும் நினைத்தால் பயமாக இருக்கிறது.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

வற்புறுத்த வேண்டாம். அண்ணனையும் வற்புறுத்த விடாதீர்கள். அந்தக் கூட்டத்துக்குப் போக விருப்பமில்லை என்றால் உங்கள் கணவர் போகாமல் இருக்கலாம். அம்மாவின் மாத்திரையை எடுத்து உள்ளே வையுங்கள். மகளின் விளையாட்டைத் தடுக்காதீர்கள். காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அதற்கு முன் நீங்கள் கேட்காத ஒரு விஷயம். கடிதத்தில் என்னை முதலில் நிறுத்தியது அந்தப் புகைதான். மூடிய இடத்தில் எரியும் தீயின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். அது உடலில் ஏறிய சிலருக்கு, முதல் சிகிச்சைக்குப் பிறகு நன்றாக இருந்துவிட்டு, சில நாட்களோ சில வாரங்களோ கழித்து மூளையில் பாதிப்பு தெரியவரும். ஞாபகமறதி, எதிலும் ஆர்வமில்லாமல் உட்கார்ந்திருப்பது, குணம் மாறிப்போவது, நடையில் தடுமாற்றம், சிறுநீரை அடக்க முடியாமல் போவது எல்லாம் அதன் அறிகுறிகள். வெளியிலிருந்து பார்க்கும்போது இது அதிர்ச்சியில் உறைந்துபோனவர் மாதிரியே இருக்கும். உங்கள் கணவருக்கு அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. திடுக்கிடுவது, தூக்கம் கெடுவது, அந்த ஒரே ஒரு வாக்கியம் எல்லாம் மன அதிர்ச்சியின் பக்கம்தான் சாய்கின்றன. ஆனாலும் இந்த வாரமே, அவர் தங்கியிருந்த மருத்துவமனையிலோ ஒரு பொது மருத்துவரிடமோ காட்டி, "புகையைச் சுவாசித்தவர், நரம்பு மண்டலத்தையும் ஒருமுறை பாருங்கள்" என்று கேளுங்கள். 12 நாள் கழிந்த பிறகு ரத்தத்தில் அந்த வாயுவைத் தேடிப் பயனில்லை. நேரில் பார்த்துப் பரிசோதித்து, தேவைப்பட்டால் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். எங்கேயாவது விழுந்து தலையில் அடிபட்டதா என்பதையும் கேட்டு வையுங்கள். தீயின் பரபரப்பில் அதை அவரே மறந்திருக்கலாம்.

இப்போது பேசுவது பற்றி. அண்ணன் சொல்வது கெட்ட எண்ணத்தில் அல்ல. நெடுங்காலமாக எங்கள் துறையிலும் கிட்டத்தட்ட அதையேதான் நம்பினார்கள். 1983-இல் அமெரிக்காவின் ஜெஃப்ரி மிட்செல் என்பவர், தீயணைப்பு வீரர்கள், ஆம்புலன்ஸ் ஊழியர்கள் போன்றவர்களுக்காக ஒரு கூட்டு முறையை வகுத்தார். கோரமான ஒரு சம்பவம் நடந்து ஓரிரு நாட்களில் எல்லோரையும் உட்காரவைத்து, என்ன பார்த்தாய், என்ன நினைத்தாய், எது மிக மோசமாக இருந்தது என்று படிப்படியாகக் கேட்டுக்கொண்டு போகும் முறை. 'டீபிரீஃபிங்' என்று பெயர். கேட்கும்போது சரியாகத்தான் படுகிறது, இல்லையா? பல நாடுகளில் வேகமாகப் பரவியது. மீட்புப் பணியாளர்களுக்காக வந்த முறை, விபத்தில் அடிபட்டவர், தீக்காயம் பட்டவர், கொள்ளையில் மிரட்டப்பட்ட வங்கி ஊழியர் என்று எல்லோருக்கும் கொடுக்கப்பட்டது.

அப்புறம்தான் ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பிரிட்டனில் தீக்காய நோயாளிகளிடம் செய்து 1997-இல் வெளியான ஆய்வில், டீபிரீஃபிங் பெற்றவர்களில் 26 சதவீதம் பேருக்கு 13 மாதங்கள் கழித்தும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் இருந்தது. பெறாதவர்களில் 9 சதவீதம் பேருக்குத்தான். பெற்றவர்களின் காயம் ஆரம்பத்திலேயே சற்று அதிகம் என்பதால், முழுப் பழியையும் அந்த முறையின் மேல் போட முடியாது என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் சாலை விபத்தில் சிக்கியவர்களை 3 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த இன்னொரு ஆய்வும் அதே திசையைத்தான் காட்டியது. ஆரம்பத்தில் யாருக்குப் பயமும், மனதில் திரும்பத் திரும்ப வரும் காட்சிகளும் அதிகமாக இருந்தனவோ, அவர்களே டீபிரீஃபிங் பெற்ற பிறகு சரியாகத் தேறாமல் இருந்தார்கள். சும்மா விட்டிருந்தால் அவர்களில் பலர் தாமாகத் தேறியிருப்பார்கள். இன்று உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டனின் சிகிச்சை வழிகாட்டு அமைப்பான நைஸும் இந்த முறையைக் கொடுக்கவேண்டாம் என்றே சொல்கின்றன. இத்தனைக்குப் பிறகும் கம்பெனிகள் இதைக் கட்டாயமாக நடத்துவது எனக்கு எரிச்சலாகவே இருக்கிறது. ஏதாவது செய்தோம் என்று காட்டிக்கொள்ள இது சுலபமான வழி.

ஏன் கெடுதல் செய்கிறது? காட்சிகள் இன்னும் கொதிக்கும் நிலையில் இருக்கும்போது அவற்றை மறுபடி விவரிக்கவைத்தால், உடல் மறுபடியும் அதே படபடப்புக்குள் போகிறது, நினைவு மேலும் ஆழமாகப் பதிகிறது என்பது ஒரு விளக்கம். கூட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. உங்கள் கணவர் பார்க்காத காட்சிகளை மற்றவர்கள் சொல்லக் கேட்டு, அவற்றையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வருவார்.

பேசாமல் இருந்தால் உள்ளே சீழ் பிடிக்கும் என்ற பயத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின், அமெரிக்கா முழுவதிலுமிருந்து 2,000-க்கும் மேற்பட்டவர்களிடம், மனதில் தோன்றுவதை எழுதுங்கள் என்று கேட்டார்கள். சிலர் எழுதினார்கள், சிலர் எழுதவில்லை. அடுத்த 2 ஆண்டுகள் கவனித்ததில், எழுதாமல் விட்டவர்களே மனதாலும் உடலாலும் நன்றாக இருந்தார்கள். எழுதியதால்தான் மற்றவர்களுக்குக் கெட்டது என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அதிகம் தவித்தவர்கள் அதிகம் எழுதியிருக்கலாம். ஆனால் மௌனம் ஆபத்தின் அறிகுறி என்ற பேச்சு இதற்கு முன்னால் நிற்காது. காயத்தைக் கீறிவிட்டால்தான் ஆறும் என்பது கட்டிக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது.

பேசவே கூடாது என்று தலைகீழாகப் புரிந்துகொள்ளாதீர்கள். அவர் பேச ஆரம்பித்தால் கேளுங்கள். இரவு இரண்டு மணிக்கு ஆரம்பித்தாலும் கேளுங்கள். நடுவில் "அப்புறம்? அவங்க எப்படி இருந்தாங்க?" என்று தோண்டவேண்டாம். "விடு, மறந்துடு" என்று மூடவும் வேண்டாம். அவர் எவ்வளவு தூரம் போகிறாரோ அவ்வளவு தூரம் கூடப் போங்கள், நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். எப்போது பேசுவது, யாரிடம் பேசுவது என்ற முடிவு அவர் கையில் இருக்கவேண்டும். தீப்பிடித்த அன்று எதுவுமே அவர் கையில் இல்லை.

அண்ணனுக்கு ஒரு வேலை கொடுங்கள். இப்படிப்பட்டவர்கள் சும்மா உட்கார்ந்தால்தான் கேள்வி கேட்பார்கள். மருத்துவமனை பில், இன்சூரன்ஸ் பாரங்கள், விடுப்புக் கடிதம் இவற்றை அவரிடம் ஒப்படையுங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2011-இல் உலக சுகாதார நிறுவனம் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து 'உளவியல் முதலுதவி' என்று ஒரு கையேடு வெளியிட்டது. அதன் சாரம் மூன்று சொற்கள்: பார், கேள், இணை. ஆபத்து இன்னும் இருக்கிறதா, அவசரத் தேவை என்ன என்று பார். அருகில் போய், என்ன வேண்டும் என்று கேள். அவரைத் தகவலோடும் உதவியோடும் தன் மனிதர்களோடும் இணை. இதைச் செய்ய மனநல மருத்துவர் தேவையில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் செய்யலாம். பாரம் நிரப்பிக் கொடுக்கும் அண்ணன், கேள்வி கேட்கும் அண்ணனைவிட நல்ல முதலுதவிக்காரர். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வாரத்தில் சில இரவுகளாவது வேறு யாராவது வீட்டில் இருக்க, நீங்கள் முழுதாகத் தூங்குங்கள்.

வீட்டில் அவரைத் தனியறையில் விட்டுவிட்டு எல்லோரும் குசுகுசுவென்று பேசாதீர்கள். சாப்பாடு, குளியல், கொஞ்சம் நடை என்று நாள் ஓரளவு பழைய தடத்தில் ஓடட்டும். அவரால் செய்யக்கூடிய சின்ன வேலைகளை அவரிடமே விடுங்கள். எல்லாவற்றையும் பிடுங்கிச் செய்தால், தன்னால் எதுவும் முடியாது என்ற எண்ணம்தான் வளரும். கதவு சத்தத்துக்குத் திடுக்கிடுவதை யாரும் கேலி செய்யவேண்டாம். உடம்பின் எச்சரிக்கை மணி இன்னும் அணையவில்லை, அவ்வளவுதான். முதல் வாரங்களில் இது வழக்கமானது என்று அவருக்கும் சொல்லுங்கள். தனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்று உள்ளுக்குள் பயந்துகொண்டிருக்கும் ஆண்கள் நிறையப் பேர். இந்தத் தகவல் ஒன்றே அவர்களில் பலருக்குப் பெரிய ஆறுதல்.

தீயின் வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த குரூப்பை மியூட் செய்யுங்கள். 2013-இல் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தபோது, அந்த வாரம் நாளுக்கு 6 மணி நேரமோ அதற்கு மேலோ அதைப் பற்றிய செய்திகளிலேயே மூழ்கியிருந்தவர்கள், சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிடவும் அதிகமான மன அழுத்த அறிகுறிகளைச் சொன்னார்கள். இவர் அந்த இடத்திலும் இருந்தவர், அந்தப் படங்களும் அவருக்கு எதற்கு?

மாத்திரை. அம்மாவுக்குக் கொடுத்தது அல்பிரசோலம், குளோனசெபாம், லோரசெபாம் போன்ற ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த வகை மாத்திரைகளை, அதிர்ச்சிச் சம்பவத்துக்குப் பின் முதல் மாதத்தில் பதற்றத்துக்காகவோ தூக்கத்துக்காகவோ கொடுக்கவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இல் தெளிவாகச் சொன்னது. அதிர்ச்சியிலிருந்து மீள அவை உதவுவதில்லை, பழக்கமாக ஒட்டிக்கொள்ளும். புகையால் பாதிக்கப்பட்ட நுரையீரலோ மூளையோ இருந்தால் ஆபத்தும் கூடுகிறது. மதுவும் அப்படியே. இரண்டும் சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம். தூக்கத்துக்கு இப்போதைக்குச் செய்யக்கூடியது சாதாரணமான விஷயங்கள்தான்: தினமும் ஒரே நேரத்தில் எழுவது, மதியத்துக்குப் பிறகு காபி, டீ வேண்டாம், படுக்கும் அறையில் மங்கலான ஒரு விளக்கு. கெட்ட கனவில் விழித்தால் உடனே தொட்டு உலுக்காமல், பெயர் சொல்லி, எங்கே இருக்கிறார் என்று நிதானமாகச் சொல்லுங்கள். தொடர்ந்து பல இரவுகள் தூக்கமே இல்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். என்ன கொடுப்பது என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

"அவன் என் இடத்துல நின்னான்." உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த வரி இதுதான். 1942-இல் பாஸ்டனில் கோகனட் குரோவ் என்ற இரவு விடுதி எரிந்து 492 பேர் இறந்தார்கள். உயிர் தப்பியவர்களையும் இறந்தவர்களின் உறவினர்களையும் கவனித்த மனநல மருத்துவர் எரிக் லிண்டமன், குற்ற உணர்வை அந்தத் துயரத்தின் முக்கியக் கூறுகளில் ஒன்றாக 1944-இல் எழுதினார். தப்பியவர் தன்னைத்தானே விசாரித்துத் தீர்ப்பெழுதுகிறார். அந்த நேரத்தில் "உன் மேல என்ன தப்பு, விதி அவ்வளவுதான்" என்று உடனே சொன்னால் அவர் வாயை மூடிக்கொள்வார். எல்லோரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். "அந்த நினைப்பு விடாம வருதா?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். இறந்தவரின் வீட்டுக்குப் போய்வர அவர் விரும்பினால் கூடப் போங்கள், பயப்படாதீர்கள். போக மனமில்லை என்றால் தள்ளவும் வேண்டாம்.

இந்த நினைப்பு "நான் இருந்தே என்ன பயன்", "நானும் போயிருக்கலாம்" என்ற பக்கம் திரும்பினால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள், மாத்திரைகளையும் ஆபத்தான பொருட்களையும் அகற்றிவிட்டு அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். சாப்பாடு, தண்ணீரை அடியோடு மறுப்பது, நேரம் இடம் தெரியாமல் குழம்புவது, குடி திடீரென்று ஏறுவது, வீட்டில் கை நீட்டுவது, இவற்றுக்கும் காத்திருக்கவேண்டாம்.

மற்றபடி, இந்த 12 நாள் என்பது நோய் என்று முத்திரை குத்தும் காலம் அல்ல. பெரும்பாலானவர்கள் முதல் சில வாரங்களில் தாமாகவே தேறிவருகிறார்கள். அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் என்று சொல்வதற்கே அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கவேண்டும். அதனால் இப்போது செய்யவேண்டியது கண் திறந்து காத்திருப்பது. நான்காவது வார முடிவில் ஒரு கணக்கு பாருங்கள். இதற்காக, 'ஆம்' அல்லது 'இல்லை' என்று பதில் சொல்லும் 10 கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாள் உண்டு. 2005 லண்டன் குண்டுவெடிப்புக்குப் பின் பாதிக்கப்பட்டவர்களைத் தேடிச் சென்று கேட்டபோது அதையும் பயன்படுத்தினார்கள். நினைவு தானாக வந்து வாட்டுவது, கெட்ட கனவு, மறுபடி நடப்பது போன்ற உணர்வு, நினைவூட்டும் பொருளைக் கண்டால் கலங்குவது, அப்போது நெஞ்சு படபடப்பது அல்லது வியர்ப்பது, தூக்கமின்மை, எரிச்சல், கவனம் சிதறுவது, எப்போதும் ஆபத்தை எதிர்பார்ப்பது, திடுக்கிடுவது. இந்தப் பத்தில் ஆறு அல்லது அதற்கு மேல், கடந்த வாரத்தில் குறைந்தது இருமுறையாவது வந்திருந்தால் ஒரு மனநல நிபுணரைப் பார்க்கவேண்டும். இன்று எண்ணிப் பார்த்து மிரளாதீர்கள், இன்று எண்ணினால் பலருக்கும் ஆறு வரும். அதே சமயம், நாளுக்கு நாள் குறையாமல் ஏறிக்கொண்டே போனால் நான்கு வாரம் என்று பிடிவாதமாக உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். கடுமையாக இருப்பவர்களுக்கு முதல் மாதத்திலேயே சிகிச்சை தொடங்கலாம்.

அங்கே மட்டும் நடந்ததைப் பற்றிப் பேசவைப்பார்களே என்று கேட்பீர்கள். பேசவைப்பார்கள். அதிர்ச்சியை மையமாக வைத்த அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்பது பொதுவாக 8 முதல் 12 அமர்வுகள். ஒரே நிபுணர், முறையான பரிசோதனைக்குப் பின், அவர் சம்மதத்தோடு, நிறுத்தி நிறுத்தி, படபடப்பு தணிகிற வரை கூடவே இருந்து செய்வது. ஒரே மதியத்தில் கூட்டமாகக் கொட்டவைத்து வீட்டுக்கு அனுப்புவதோடு இதை ஒப்பிட முடியாது.

மகளின் விளையாட்டு அவளுடைய பேச்சு. ஏழு வயதில் அப்பா ஏன் இப்படி ஆனார் என்பதை வார்த்தையில் கேட்கத் தெரியாது, பொம்மையை வைத்துக் கேட்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். சில நாட்களில் தீயணைப்பு வண்டி வருகிறதா, யாராவது காப்பாற்றப்படுகிறார்களா, கதை கொஞ்சமாவது மாறுகிறதா? மாறினால் நல்லது. ஒவ்வொரு முறையும் எல்லோரும் எரிந்துபோகிற அதே முடிவு, விளையாடி முடிக்கும்போது அவள் முன்பைவிட அதிகம் பயந்திருக்கிறாள் என்றால், "இந்தப் பொம்மைக்கு வெளியே வர வழி இருக்கா?" என்று நீங்கள் உள்ளே நுழையலாம். அப்படியும் வாரக்கணக்கில் மாறாவிட்டால் குழந்தைகள் மனநல நிபுணரிடம் காட்டுங்கள். கேள்வி கேட்டால் சுருக்கமாக உண்மையைச் சொல்லுங்கள்: தீப்பிடித்தது, இரண்டு பேர் இறந்துவிட்டார்கள், அப்பாவுக்கு அந்தப் பயம் இன்னும் போகவில்லை, அவர் பேசாமல் இருப்பது உன்மேல் உள்ள கோபத்தால் அல்ல. இந்தக் கடைசிப் பகுதியை மறக்காமல் சொல்லுங்கள், குழந்தைகள் பழியைத் தம் மேல் போட்டுக்கொள்வதில் கெட்டிக்காரர்கள். சில நாள் படுக்கையை நனைத்தாலோ உங்களோடுதான் படுப்பேன் என்று அடம்பிடித்தாலோ கண்டிக்காதீர்கள். பள்ளியில் வகுப்பு ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

கடைசியாகக் கம்பெனி. சண்டை வேண்டாம், எழுத்தில் கேளுங்கள். "கூட்டத்தில் கலந்துகொள்வது விருப்பத்தின் பேரில் இருக்கவேண்டும். என் கணவர் தற்போது கலந்துகொள்ளவில்லை. தேவைப்பட்டால் தனியாக ஒரு மனநல நிபுணரைப் பார்க்கும் வசதியை இப்போதும், பின்னர் சில மாதங்களுக்கும் வைத்திருங்கள்" என்று எழுதினால் போதும். அவரைப் பார்த்த மருத்துவரின் சான்றிதழ் ஒன்றை இணைத்தால் பிரச்சினை வராது. கூட்டம் நடத்தியே தீருவோம் என்றால், ஊழியர்களை நடந்ததைச் சொல்லச் சொல்லாமல், நடந்ததைப் பற்றிக் கம்பெனிக்காரர்களே சொல்லட்டும்: தீ எப்படிப் பிடித்தது, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது, எதைச் சரிசெய்திருக்கிறார்கள், விடுப்பு நாட்களுக்குச் சம்பளம் உண்டா, இறந்தவர்களின் குடும்பங்களுக்கு என்ன செய்கிறார்கள். அப்படிப்பட்ட கூட்டமாக இருந்தால் உங்கள் கணவரே ஒருவேளை போக விரும்புவார். வேலைக்குத் திரும்புவதையும் முதலில் பகல் ஷிஃப்ட், குறைந்த நேரம், தீப்பிடித்த பகுதியிலிருந்து தள்ளி வேறு இடம் என்று படிப்படியாகக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பகுதிக்குள் முதல் முறை போகும்போது நம்பிக்கையான ஒரு சக ஊழியர் கூட வரட்டும், வேலை நேரம் தொடங்குவதற்கு முன், மெஷின்கள் ஓடாதபோது.